ஆழத்தில் ஒளித்து வைத்தவை

கடல் தன் வயிற்றில் எதை வைத்திருக்கிறது என்பது கரையில் நிற்பவனுக்குத் தெரியாது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. நெல்லைச் சீமையின் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கடலைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் வலை இழுத்த உறவினரின் பேச்சிலிருந்தும் ஆர்க்கிமிடீசின் விதியிலிருந்தும் வந்ததே. 2022 அக்டோபர் 14 அன்று நம் அரசு ஒரு செய்தி வெளியிட்டது. ஐ.என்.எஸ். அரிஹந்த் என்னும் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வங்காள விரிகுடாவில் ஏவப்பட்ட ஏவுகணை, குறித்த இலக்கை மிகத் துல்லியமாக அடைந்தது என்பதே அச்செய்தி. நம் மீனவர்கள் தொழில் செய்யும் அதே கடலிலிருந்து எழுந்த அந்த ஏவுகணை எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று அறியும் ஆவல் எனக்கு உண்டாயிற்று. அன்று தொடங்கிய வாசிப்பு ஓராண்டுக்கு மேல் நீண்டது.

இலக்கிய இதழில் ஏவுகணைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். ஒரு கருவியை மனிதர் எதற்காகச் செய்தனர், செய்து முடித்தபின் அக்கருவி அவர்களை என்ன செய்தது என்று எண்ணிப் பார்ப்பதும் இலக்கியத்தின் வேலைதான் என்று நான் நம்புகிறேன்.

ஏவுகணைகளில் ஒரு வகை, முதல் சில நிமிடங்கள் மட்டுமே தீயைக் கக்கி மேலெழும். எரிபொருள் தீர்ந்ததும், சிறுவன் எறிந்த கல் மாங்காயை நோக்கிப் போவதுபோலப் புவியீர்ப்பின் பிடியிலேயே வளைந்து சென்று விழும். இரண்டாம் உலகப் போரில் 1944-ஆம் ஆண்டு ஜெர்மனி இலண்டன் மீதும் ஆன்ட்வெர்ப் மீதும் ஏவிய வி-2 இவ்வகைக்கு முன்னோடி. அதை நீர் புகாத பெருங்கூட்டில் அடைத்து, நீர்மூழ்கிக் கப்பலின் பின்னால் கட்டி இழுத்துச் சென்று, அமெரிக்கக் கரைக்கு அருகே நிமிர்த்தி ஏவலாம் என்று ஜெர்மானியப் பொறியாளர்கள் திட்டமிட்டார்கள். அது நிறைவேறும் முன்பே போர் முடிந்தது. ஆனால் அந்த எண்ணம் போரோடு முடியவில்லை.

அதை முதலில் செயலாக்கியவர்கள் சோவியத் நாட்டினர். 1955 செப்டம்பர் 16 அன்று, வடக்கே வெண்கடலில், பி-67 என்னும் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஆர்-11எஃப்எம் என்ற ஏவுகணை எழுந்தது. அப்பணிக்குத் தலைமை தாங்கிய செர்கே கொரோலியோவ் அன்று அக்கப்பலிலேயே இருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியவரும் அவரே. அந்த ஏவுகணையின் வீச்சு ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். அதை ஏவுவதற்குக் கப்பல் நீர்மட்டத்துக்கு மேலே வந்தாக வேண்டும். எரிபொருளோ மண்ணெண்ணெயும் நைட்ரிக் அமிலமும். குறுகிய இரும்புக் கூட்டுக்குள் மனிதரோடு மனிதராய் இவற்றை வைத்துக்கொண்டு பயணம் செய்வது எத்தகைய துணிச்சல் என்பதை விளக்க வேண்டியதில்லை. பின்னர் கொரோலியோவ் விண்வெளிப் பணிக்குத் திரும்ப, கடல் ஏவுகணைப் பணி விக்டர் மகேயெவ் என்னும் இளம் பொறியாளரின் கைக்கு வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகள் அவர் அதே பணியில் இருந்தார்.

அமெரிக்கக் கடற்படை வேறு வழியில் சென்றது. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் அதற்கென ஒரு தனி அலுவலகம் ஏற்பட்டது. கடற்படைத் தலைவர் ஆர்லி பர்க், வில்லியம் ரேபர்ன் என்னும் தளபதியை அதன் பொறுப்பில் அமர்த்தினார். தரைப்படையோடு சேர்ந்து ஜூப்பிட்டர் என்னும் ஏவுகணையைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றுவது என்பதே அவர்களுக்கு முதலில் இடப்பட்ட பணி. ஜூப்பிட்டரோ ஏறத்தாழ 18 மீட்டர் உயரம் உடையது. அதன் எரிபொருளில் ஒன்று, கடுங்குளிரில் வைத்துக் காக்க வேண்டிய திரவ ஆக்சிஜன். அசைந்தாடும் கப்பலில் அது ஆகாத காரியம். அப்போது இரண்டு வாயில்கள் திறந்தன. திட எரிபொருளில் அலுமினியத் தூளைத் தகுந்த அளவு கலந்தால் அதன் உந்துவிசை கூடும் என்று வேதியியல் வல்லுநர்கள் கண்டார்கள். 1956-ஆம் ஆண்டுக் கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுட்ஸ் ஹோல் என்னுமிடத்தில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில், இன்னும் சில ஆண்டுகளில் மிகச் சிறிய அணுகுண்டு முனையைச் செய்துவிட முடியும் என்று இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர் உறுதி கூறினார். அவ்வாண்டு முடியும் முன் கடற்படை ஜூப்பிட்டரைக் கைவிட்டது. எட்டேமுக்கால் மீட்டர் நீளமும் 13 டன் எடையும் உடைய போலாரிஸ் உருவாகத் தொடங்கிற்று. போலாரிஸ் என்பது துருவ நட்சத்திரத்தின் பெயர். கடலோடிகள் வழி கண்டுபிடிக்க நோக்கிய விண்மீனின் பெயரையே இதற்கு வைத்தார்கள்.

1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்காவை ஓர் அச்சம் பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகள் கழித்து முடிப்பதாக இருந்த பணியை 1960-லேயே முடிக்கும்படி ஆணை பிறந்தது. புதுக் கப்பலை முதலிலிருந்து கட்ட நேரமில்லை. ஸ்கார்ப்பியன் என்ற பெயரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேறொரு நீர்மூழ்கிக் கப்பலை நடுவில் பிரித்து, ஏறத்தாழ 40 மீட்டர் நீளத்துக்கு ஏவுகணைப் பகுதியை இடையில் சேர்த்து இணைத்தார்கள். அதற்கு ஜார்ஜ் வாஷிங்டன் என்று பெயரிட்டார்கள். 1960 ஜூலை 20 அன்று, ஃபுளோரிடாவின் கேப் கனாவெரலுக்கு அப்பால், நீருக்குள் மூழ்கியிருந்தபடியே அக்கப்பல் இரண்டு போலாரிஸ் ஏவுகணைகளைச் சில மணி நேர இடைவெளியில் ஏவியது. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று 16 ஏவுகணைகளோடு முதல் காவல் பயணத்துக்குப் புறப்பட்டது. 66 நாள் கழித்துத்தான் திரும்பியது. அது சுமந்த ஒவ்வொரு முனையின் ஆற்றலும் ஹிரோசிமாவில் விழுந்த குண்டைப்போல ஏறத்தாழ நாற்பது மடங்கு.

ஆசிரியனாகச் சொல்கிறேன், இதற்குள் இருக்கும் அறிவு வியக்கத்தக்கது. தண்ணீருக்குள் ஏவுகணையைக் கொளுத்தினால் கப்பலுக்கே ஆபத்து. ஆகையால் அழுத்தப்பட்ட காற்றால் அதைக் குழாயிலிருந்து வெளியே தள்ளுகிறார்கள். அது ஒரு மெல்லிய மூடியைக் கிழித்துக்கொண்டு நீரில் எழுந்து, நீர்மட்டத்தைத் தாண்டிய பிறகே தீப்பிடிக்கிறது. 13 டன் எடை திடீரென்று நீங்கினால் கப்பல் மேலே எழும்பிவிடுமே என்று மாணவன் கேட்பான். குழாய் காலியானதும் கடல்நீர் உள்ளே பாய்ந்து அந்த எடையை ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் நாம் எழுதும் மிதப்பு விதி அங்கே அச்சாக நடக்கிறது.

இதைவிடக் கடினமான கேள்வி இன்னொன்று இருந்தது. எறியும் கை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குறி வைக்க முடியாது. பல வாரங்கள் நீருக்கடியில் விண்மீனையும் கரையையும் காணாமல் செல்லும் கப்பல், தான் இருக்குமிடத்தை எப்படி அறியும்? வேகமாகச் சுழலும் கைராஸ்கோப்புகளைக் கொண்டு, கப்பலின் ஒவ்வொரு அசைவையும் கூட்டிக் கூட்டி இடத்தைக் கணக்கிடும் கருவிகள் உருவாயின. அவற்றில் சிறுகச் சிறுகச் சேரும் பிழையைத் திருத்த டிரான்சிட் என்னும் செயற்கைக் கோள்களை அனுப்பினார்கள். ஸ்புட்னிக்கின் வானொலி ஒலி அருகில் வரும்போதும் விலகும்போதும் மாறுபடுவதைக் கவனித்த இளம் விஞ்ஞானிகளின் ஆராய்ச்சியிலிருந்து அந்த யோசனை பிறந்தது. இன்று கைப்பேசியில் வழி காட்டும் ஏற்பாட்டுக்கு அந்த டிரான்சிட் ஒரு மூதாதை. நம் மீனவ இளைஞர்கள் திசை தவறாமல் கரை திரும்புவதற்கு உதவும் கலை, ஒரு காலத்தில் நகரங்களைக் குறிவைப்பதற்காக வளர்க்கப்பட்டது.

இத்தனை அறிவும் உழைப்பும் எதற்காக? இங்கேதான் என் வாசிப்பு என்னைச் சற்று நிறுத்தியது. இதைச் செய்தவர்கள் வெறியர்கள் என்று எண்ணியிருந்தால் விடை எளிதாக இருந்திருக்கும். அவர்கள் கூறிய காரணம் நியாயமுடையதாகவே தோன்றியது. தரையில் நிற்கும் ஏவுகணையையும் விமானத்தையும் பகைவன் முதல் அடியிலேயே அழித்துவிடக்கூடும். ஆகவே அவற்றை வைத்திருப்பவன், தாக்குதல் வருகிறது என்ற ஐயம் எழுந்த உடனே ஏவிவிடத் துடிப்பான். அந்த ஐயம் பொய்யாயிருந்தால்? கடலுக்கடியில் இருப்பதையோ யாராலும் கண்டுபிடித்து அழிக்க முடியாது. அது பொறுத்திருக்கலாம், செய்தி உண்மையா என்று தீர விசாரிக்கலாம், ஒரு நாள் கழித்தும் பதில் சொல்லலாம். அழிக்க முடியாத சிறு படை போதும், மலைபோல் ஆயுதம் குவிக்க வேண்டாம் என்று ஆர்லி பர்க் வாதாடினார். அதாவது, இந்தப் படைக்கலம் அவசரத்தை ஒழிப்பதற்காகவே ஆழத்தில் ஒளித்து வைக்கப்பட்டது. பொறுமையே அதன் வாக்குறுதி.

அந்த வாக்குறுதி என்னவாயிற்று? ஜார்ஜ் வாஷிங்டனைத் தொடர்ந்து 1967-க்குள் அமெரிக்காவிடம் இத்தகைய கப்பல்கள் 41 ஆயின. 1964-ல் வந்த மூன்றாம் வகைப் போலாரிஸ் மூன்று முனைகளைத் தாங்கிற்று. 1971-ல் வந்த பொசைடன், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட முனைகளைத் தாங்கி, அவற்றைத் தனித்தனி இலக்குகளுக்கு அனுப்பும் திறம் பெற்றது. சோவியத் நாடு 1974-ல் படையில் சேர்த்த ஆர்-29, விண்மீனைப் பார்த்துத் தன் வழியைத் தானே திருத்திக்கொண்டு 7,800 கிலோமீட்டர் சென்றது. 1990-ல் வந்த இரண்டாம் டிரைடன்ட் 59 டன் எடையுடையது. தரைக்கடியில் கான்கிரீட் அறைக்குள் இருக்கும் எதிரியின் ஏவுகணையையே குறி தவறாமல் அழிக்கும் கூர்மை அதற்கு உண்டு. இந்தக் கூர்மை பதிலடிக்குத் தேவையில்லாதது. எதிரியின் ஆயுதத்தை அது எழும் முன்பே அழிக்க நினைப்பவனுக்கே அது பயன்படும். கரைக்கு அருகில் வந்து ஏவினால் பத்துப் பதினைந்து நிமிடங்களில் தலைநகரங்களைத் தொட்டுவிடலாம். பொறுமையாயிருக்க வழி செய்த ஆயுதமே, எதிரியைப் பொறுமையிழக்கச் செய்யும் ஆயுதமாக வளர்ந்தது.

ஏன் அப்படியாயிற்று என்று பலமுறை எண்ணினேன். பகைவனின் கண்ணுக்கு மறைத்தவை நம் கண்ணுக்கும் மறைந்துவிட்டன என்பதே எனக்குத் தோன்றிய விடை. ஊருக்கு நடுவே ஒரு பீரங்கி நின்றால் சிறுவர்கள்கூட அது ஏன் நிற்கிறது என்று கேட்பார்கள். காணாத ஒன்றைப் பற்றிக் கேட்பார் இல்லை. கேள்வி கேட்பாரற்ற இடத்தில் எண்ணிக்கையும் கூர்மையும் தாமாகவே வளர்ந்தன.

கேட்பாரற்ற அந்த ஆழத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். 1986 அக்டோபர் 3 அன்று, அட்லாண்டிக் கடலில் பெர்முடாத் தீவுக்கு அப்பால் சென்றுகொண்டிருந்த கே-219 என்னும் சோவியத் கப்பலில், ஓர் ஏவுகணைக் குழாய்க்குள் கடல்நீர் கசிந்து எரிபொருளோடு சேர்ந்து வெடித்தது. நச்சுப் புகை பரவிற்று. அணு உலையை நிறுத்தும் தண்டுகள் தாமாக இறங்கவில்லை; யாராவது உள்ளே போய்க் கையால் இறக்க வேண்டும். உடன் சென்ற அதிகாரி வெப்பம் தாளாமல் சோர்ந்து விழுந்தபின், செர்கே பிரெமினின் என்னும் இருபது வயது மாலுமி மீண்டும் தனியே உள்ளே சென்று அந்த வேலையை முடித்தார். திரும்பும்போது காற்றழுத்த வேறுபாட்டால் கதவு திறக்கவில்லை. வெளியே இருந்த தோழர்கள் எவ்வளவு முயன்றும் முடியவில்லை. அவர் உள்ளேயே இறந்தார். மூன்று நாள் கழித்துக் கப்பல் தன் அணுமுனைகளோடு ஐந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் மூழ்கிற்று. 1997-ல் இரஷ்யா அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதை அளித்தது. பகைநாட்டுக் கரைகளையும் அந்த இளைஞர் தன் உயிரைக் கொடுத்துக் காத்தார் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

பிரிட்டனில் ஒரு வழக்கம் உண்டு. அமெரிக்காவிடம் போலாரிஸ் பெற 1962 டிசம்பரில் உடன்பாடு கண்ட அந்நாடு, 1969 முதல் ஒரு நாளும் தவறாமல் ஒரு கப்பலையேனும் கடலடியில் காவல் வைத்திருக்கிறது. புதிதாகப் பதவியேற்கும் ஒவ்வொரு பிரதமரும் தம் கைப்பட நான்கு கடிதங்கள் எழுத வேண்டும். நான்கு கப்பல்களின் தலைவர்களுக்கும் ஒவ்வொன்று. தாக்குதலில் நாடும் அரசும் அழிந்து, ஆணையிட யாருமே மிஞ்சவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கான பதில் அக்கடிதத்தில் இருக்கும். அது முத்திரையிடப்பட்டுக் கப்பலின் பெட்டகத்தில் கிடக்கும். பிரதமர் பதவி விலகும்போது பிரிக்காமலே அழித்துவிடுவார்கள். மக்கள் எல்லாரும் மாண்டபின், காப்பாற்ற எவரும் இல்லாதபோது, பழிக்காக இன்னொரு நாட்டின் குழந்தைகளைக் கொல்வதா என்ற கேள்விக்குப் பேனாவை எடுத்து விடை எழுத வேண்டிய அந்த இரவை நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஒருவராவது அதை நேருக்கு நேர் சந்திக்கும்படி அந்த ஏற்பாடு வைத்திருக்கிறது. மற்ற நாமெல்லாரும் அந்தக் கேள்வியைச் சந்திக்காமலே உறங்கப் போகிறோம்.

சந்தித்தவர்கள் சிலர் திருச்சபையிலும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் பேராயர் ரேமண்ட் ஹண்ட்ஹாசன் அவர்களுள் ஒருவர். அவருடைய மறைமாவட்டத்தில் உள்ள பேங்கர் என்னுமிடத்தில்தான் டிரைடன்ட் கப்பல்களின் தளம் அமைந்தது. அது கண்டு மனம் பொறாமல் அவர், அத்தளத்தை நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமோடு ஒப்பிட்டுப் பேசினார். அணு ஆயுதங்களுக்கு எதிர்ப்பாகத் தம் வருமான வரியில் பாதியைச் செலுத்த மாட்டேன் என்று 1982-ல் அறிவித்தார். அவருடைய மக்களில் பலர் கடற்படையிலும் ஆயுதத் தொழிலிலும் வேலை செய்தவர்கள். பேராயர் தங்கள் பிழைப்பையே குற்றமாக்குகிறார் என்று அவர்களில் சிலர் வருந்தினர். அந்த வருத்தத்திலும் நியாயம் இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 12 அன்று, 170 மீட்டர் நீளமுள்ள முதல் டிரைடன்ட் கப்பல் ஒஹையோ வந்து சேர்ந்தபோது, எதிர்ப்பாளர்கள் சிறு படகுகளில் அதன் எதிரே சென்றார்கள்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் கார்ப்பஸ் கிறிஸ்டி என்று ஒரு நகரம் உண்டு. கிறிஸ்துவின் திருவுடல் என்பது அதன் பொருள். அந்நகரின் பெயரை அணு உலையால் இயங்கும் ஒரு நீர்மூழ்கிப் போர்க்கப்பலுக்குச் சூட்டினார்கள். அது இந்த ஏவுகணைகளைத் தாங்கும் வகைக் கப்பல் இல்லை. ஆயினும் ஆண்டவருடைய திருவுடலின் பெயரை ஒரு போர்க்கருவிக்கு வைப்பதா என்று ஆயர்களும் பொதுநிலையினரும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். 1982-ல் 'கார்ப்பஸ் கிறிஸ்டி நகரம்' என்று பெயர் மாற்றப்பட்டது. பெயர் மாறியது, கப்பல் மாறவில்லை என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் யாரும் பாராத ஒன்றை அன்று பலர் திரும்பிப் பார்த்தார்கள் என்பதை நான் சிறிதாக எண்ணவில்லை.

திருச்சபையின் போதனையும் இக்கேள்வியோடு நெடுங்காலம் போராடியிருக்கிறது. நகரங்களை மக்களோடு அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் கூறிற்று. இப்படைக்கலங்களை அச்சுறுத்தலுக்காக மட்டும் வைத்திருப்பதை, படிப்படியான ஆயுதக் களைவுக்கு ஒரு படியாகக் கருதும் வரையில் பொறுத்துக்கொள்ளலாம் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1982-ல் ஐக்கிய நாட்டு அவைக்கு எழுதினார். அமெரிக்க ஆயர்களும் 1983-ஆம் ஆண்டு மடலில் கடும் நிபந்தனைகளோடு அதையே ஏற்றனர். அந்தப் படியில் ஏறியவர்கள் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். 2019 நவம்பர் 24 அன்று ஹிரோசிமாவில் நின்ற திருத்தந்தை பிரான்சிஸ், அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமன்றி வைத்திருப்பதும் அறநெறிக்கு மாறானது என்று அறிவித்தார்.

இவை தொலைநாட்டுக் கதைகள் என்று நாம் ஒதுங்க இயலாது. அரிஹந்த் கப்பலின் அணு உலைக்கு முன்மாதிரியான உலை 2003-ல் இயங்கத் தொடங்கியது நம் கல்பாக்கத்தில். நாங்குநேரிப் பக்கம் போகிறவர்கள் விஜயநாராயணத்தின் உயர்ந்த கம்பங்களைத் தொலைவிலிருந்தே பார்த்திருப்பார்கள். 1990-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் கடற்படை நிலையம் அது. சாதாரண வானொலி அலை உப்புநீருக்குள் நுழைவதில்லை. பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அலைகளே சில மீட்டர் ஆழம் வரை இறங்கும். மூழ்கியிருக்கும் கப்பலுக்குச் சொல் அனுப்ப அவ்வளவு உயரமான கம்பங்கள் வேண்டும். 2009-ல் விசாகப்பட்டினத்தில் நீரில் இறங்கிய அரிஹந்த் தன் முதல் காவல் பயணத்தை முடித்துவிட்டதாக 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதன் ஏவுகணையின் வீச்சு ஏறத்தாழ 750 கிலோமீட்டர். 2024-ல் அரிகாட் என்னும் இரண்டாம் கப்பல் படையில் சேர்ந்தது. 3,500 கிலோமீட்டர் செல்லும் ஏவுகணையும் அதிலிருந்து சோதிக்கப்பட்டது என்று செய்திகள் வந்தன. பிற நாடுகள் நடந்த வழியின் முதற்பகுதியில் நாமும் நடக்கிறோம்.

என் பழைய மாணவர் ஒருவர் பாதுகாப்புப் பணி சார்ந்த ஓர் இடத்தில் பல ஆண்டுகளாகப் பொறியாளர். என்ன செய்கிறார் என்று அவர் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. ஒரு கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தவர், பேச்சுக்கிடையே தயங்கித் தயங்கி, "பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய காரியமா சார், நான் பார்க்கிற வேலை?" என்று கேட்டார். அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் குருவானவர் அல்லேன். நாடு தன்னைக் காத்துக்கொள்ள வேண்டாமா என்று அவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும் என்னால் இயலாது. இரு பக்கமும் அணு ஆயுதம் உள்ள அண்டை நாடுகளுக்கு நடுவே இருக்கிறோம். ஆகவே நான் வாசித்த பர்க்கின் வாக்குறுதியையும் அது கெட்டுப்போன விதத்தையும் அவருக்குச் சொன்னேன். "தம்பி, இந்தக் கேள்வியை விட்டுவிடாதே. இது பதில் சொல்வதற்கு மட்டுமே உரிய ஆயுதமாக இருக்கிறதா, இல்லை முந்திக்கொள்ளும் ஆயுதமாக வளர்கிறதா என்று உள்ளே இருக்கிறவர்கள்தான் முதலில் அறிவார்கள். நீ பேசக்கூடிய இடத்தில் அதைக் கேள்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கேட்கத்தான் சார் அங்கே நேரமே இருப்பதில்லை. எப்போதும் ஒரு தேதி முன்னால் நிற்கும்" என்றார்.

அந்தச் சொல் என்னை விட்டு அகலவில்லை. ஸ்புட்னிக்கின் அச்சத்தில் பாதி கட்டிய கப்பலைப் பிரித்து நீட்டியவர்களுக்கும் ஒரு தேதி முன்னால் நின்றது. அவசரத்தை ஒழிக்கும் கருவியை அவசரத்தில்தான் செய்தார்கள். செய்கிறவர்களுக்கு நேரமில்லை என்றால், அவர்களுக்காகக் கேட்கும் கடமை வெளியே இருக்கும் நமக்கு உண்டு.

அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்று நம் நாடு 2003 ஜனவரியில் எழுத்தில் அறிவித்தது. ஆழ்கடலில் காவல் இருப்பதற்கு அறிவொத்த காரணம் ஒன்று உண்டென்றால் அது இந்த உறுதியே: முந்திக்கொள்ள மாட்டோம், ஆகவே பொறுத்திருக்க ஓர் இடம் வேண்டும். அதைத் தளர்த்தலாம் என்று அவ்வப்போது குரல்கள் எழுகின்றன. தளர்ந்தால், பிறர் பாதையின் பிற்பகுதியிலும் நாம் நடப்போம். எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வருகிறவரிடம் சாலையும் தண்ணீரும் கேட்பதோடு இதையும் கேட்கலாம். நம் இளைஞர் மன்றங்களில் இதைப் பற்றி ஒரு மாலைப் பொழுது பேசலாம். படித்தவர்கள் படியாதவர்களுக்கு எளிய தமிழில் விளக்கிச் சொல்லலாம்.

இன்னொன்றும் செய்யலாம். ஞாயிறு திருப்பலியின் விசுவாசிகள் மன்றாட்டில் மழைக்காகவும் நோயாளிகளுக்காகவும் கடலுக்குப் போனவர்களுக்காகவும் மன்றாடுகிறோம். கடலுக்குப் போனவர்கள் என்னும்போது கட்டுமரமும் விசைப்படகும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கும் கீழே, பல வாரங்களாகச் சூரியனைக் காணாமல், வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் இயலாமல் இருக்கும் இளைஞர்களும் கடலுக்குப் போனவர்களே. எந்த நாட்டுக் கப்பலில் இருந்தாலும், அந்த ஆணை ஒரு நாளும் தங்களுக்கு வரக்கூடாது என்று அவர்களுடைய தாய்மார் வேண்டுவார்கள் அல்லவா? அந்த வேண்டுதலோடு நம் பங்கின் வேண்டுதலையும் சேர்த்துச் சொல்வோம்.